ஒரு நோட்டுகூடக் கேட்காத பிள்ளை

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். என் அக்காள் மகன் எங்களோடு இருக்கிறான். அவன் நான்காம் வகுப்பில் இருந்தபோது அவன் அப்பா சாலை விபத்தில் இறந்துபோனார். பிறகு அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். ஒன்றரை வருடம் மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். அவன் ஏழாம் வகுப்பு முடிக்கும் நேரத்தில் அவளும் போய்விட்டாள். இப்போது அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஐந்தாம் வகுப்பு வரை முதல் மூன்று பேரில் ஒருவனாக வந்தவன், இந்த அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 19, அறிவியலில் 31 வாங்கியிருக்கிறான். தமிழில்கூடக் கடிதம் எழுதும் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறான். அக்கா போன முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தான். இப்போது ஏன் இப்படி? எங்களுக்கு இரண்டு பிள்ளைகள்: மகள் பத்தாவது, மகன் ஏழாவது. மூவரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறோம். இவனால் ஒரு தொந்தரவும் கிடையாது. ஒரு நோட்டுகூட அவனாகக் கேட்டதில்லை. சாயங்காலம் ஆனால் சொல்லாமலே கடைக்கு வந்து சாமான் கட்டிக் கொடுப்பான். டியூஷன் வைத்தும் பயனில்லை. விடுதியோடு இருக்கும் தனியார் பள்ளியில் போட்டால் ஒழுங்காகப் படிப்பான் என்று வகுப்பாசிரியர் சொல்கிறார். வீட்டில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். சேர்க்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மதிப்பெண்களைச் சொல்லும் வரிகளை விட, நீங்கள் பெருமையோடு எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது. “ஒரு நோட்டுகூட அவனாகக் கேட்டதில்லை.” உங்கள் மகள் கேட்கிறாள் அல்லவா? மகன் கேட்டு, கிடைக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான் அல்லவா? அம்மா அப்பா இருக்கும் வீட்டில் பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள். பதினான்கு வயதுப் பையன் எதையுமே கேட்கவில்லை என்றால், கேட்கும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை என்று நான் நினைக்கிறேன்.

பள்ளிகளில் ஆலோசகராக இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். என்னால் மறக்க முடியாத ஒரு நோட்டு உண்டு. எட்டாம் வகுப்புச் சிறுமி. பெற்றோர் இருவரும் இல்லாமல் பெரியம்மா வீட்டில் இருந்தாள். வீட்டுப்பாடம் செய்வதே இல்லை என்று என்னிடம் அனுப்பினார்கள். கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தேன். பக்கம் முழுக்க மங்கிய பென்சில் தடம். எழுதியதை ரப்பரால் அழித்துவிட்டு, அதே பக்கத்தில் அடுத்த பாடத்தை எழுதியிருந்தாள். ஓரிரு இடங்களில் தாள் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. நோட்டு தீர்ந்தால் பெரியம்மாவிடம் கேட்க வேண்டியிருக்குமே என்றுதான் அப்படிச் செய்தாள். அந்தப் பெரியம்மா கொடுமைக்காரர் இல்லை. நோட்டைக் காட்டியபோது, “வீட்டு அலமாரியில் ஒரு டஜன் நோட்டு கிடக்கிறதே அம்மா” என்று சொல்லிவிட்டு அழுதார்.

உங்கள் மருமகன் சாயங்காலம் கடைக்கு வருவதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மாமா மேல் பாசம் இல்லாமல் வரமாட்டான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தான் சாப்பிடும் சோற்றுக்குக் கணக்குத் தீர்ப்பதாகவும் அவன் நினைத்துக்கொண்டிருக்கலாம். உங்கள் மகன் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறான்? விளையாடிக்கொண்டிருந்தால், ‘ஒரே மாதிரிதான் நடத்துகிறோம்’ என்பதை உங்கள் மருமகன் வேறு மாதிரி புரிந்துகொள்கிறான் என்று பொருள். நீங்கள் வேலை வாங்கவில்லை, அவனாகத்தான் வருகிறான். ஆனால் ‘வேண்டாம், போய்ப் படி’ என்று அவனுக்குச் சொல்ல இப்போது உங்களை விட்டால் ஆள் இல்லை.

இதை உங்கள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. உறவினர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி உலகம் முழுவதும் பார்த்த விஷயம்தான் இது. சகாராவுக்குத் தெற்கே 10 ஆப்பிரிக்க நாடுகளின் குடும்பக் கணக்கெடுப்புகளை வைத்து 2004-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும், அந்த வீட்டில் வளரும் மற்றப் பிள்ளைகளை விடப் பெற்றோரை இழந்த பிள்ளை பள்ளியில் இருப்பது குறைவு என்று அதில் தெரிந்தது. ஏழ்மையை மட்டும் வைத்து அந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை. குடும்பத் தலைவருக்கும் பிள்ளைக்கும் உறவு எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவுக்குப் படிப்பும் தாக்குப்பிடித்தது. நீங்கள் தாய்மாமன். நம் ஊரில் அதை விட நெருங்கிய உறவு எது?

அதனால் விடுதி பற்றிய கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். விடுதிகளே கூடாது என்பவள் அல்ல நான். பார்த்துக்கொள்ள யாரும் இல்லாத பிள்ளைக்கும், அடியும் குடியும் நிறைந்த வீட்டில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கும் நல்ல விடுதி உயிர் காக்கும் இடம். உங்கள் வீடு அப்படிப்பட்டது அல்ல. முதலில் அப்பா போனார், பிறகு அம்மா போனாள்; இப்போது மாமாவும் அனுப்பிவிட்டார் என்றால் அவன் மனத்தில் அது மூன்றாவது இழப்பாக விழும். ‘வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சு அவன் காதில் விழவில்லை என்று நினைக்கிறீர்களா? இப்படி வளரும் பிள்ளைகள் அடுத்த அறையில் கிசுகிசுவென்று பேசினாலும் கேட்டுவிடுவார்கள். எந்த நேரமும் கிளம்பச் சொல்வார்கள் என்று காத்திருப்பவனுக்குக் கணமொழியும் இயற்கணிதமும் எப்படி மண்டையில் ஏறும்?

காசுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்துக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தான் என்றுதான் பார்ப்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இந்த வாசல்களை நாமே அடைத்துவிடுவோம்.

இனிப் படிப்புக்கு வருகிறேன். அக்கா போன பிறகு படிப்புக் கெட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தையே திருப்பிப் படியுங்கள். ஐந்தாம் வகுப்பு வரை முதல் மூன்று இடம். அக்காவின் நோய் ஆறாம் ஏழாம் வகுப்புக் காலம். அந்த ஒன்றரை வருடத்தில் அவன் எத்தனை நாள் பள்ளிக்குப் போனான்? எத்தனை நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் சாப்பாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தான்? பள்ளிக்குப் போன நாளிலும், சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா எப்படி இருப்பாளோ என்ற நினைப்போடு இருந்தவன் கரும்பலகையில் என்ன பார்த்திருப்பான்? கென்யாவில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது. பெற்றோர் இறந்த பிறகு பிள்ளைகள் பள்ளிக்கு வருவது குறைந்தது. தாய் இறந்தால் இன்னும் அதிகமாகக் குறைந்தது. இறப்புக்கு முன்பே, நோய்க் காலத்திலேயே, அந்தச் சரிவு ஓரளவு தொடங்கியிருந்தது.

ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் கணக்கின் அடித்தளம் போடும் காலம். பின்னங்கள், குறை எண்கள், விகிதம், x என்று எழுதிக் கணக்குப் போடுவது எல்லாம் அங்கேதான் வரும். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அந்த ஏற்பாட்டில் எனக்கு உடன்பாடுதான். ஆனால் ஓட்டை இருப்பது ஒன்பதாம் வகுப்பு வரை வெளியே தெரியாமல் போய்விடுகிறது. டியூஷன் ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அங்கே ஒன்பதாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாம் முறை நடத்துவார்கள். அவனுக்கு வேண்டியது ஆறாம் வகுப்புப் பாடம்.

ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். முக்கால் கிலோ பருப்பும் அரைக் கிலோ பருப்பும் சேர்ந்தால் எவ்வளவு என்று கடையில் கேளுங்கள். ஒன்றேகால் என்று யோசிக்காமலே சொல்வான். வீட்டில் ஒரு தாளில் 3/4 + 1/2 என்று எழுதிக் கொடுங்கள். அங்கே தடுமாறினால், மூளையில் கோளாறும் இல்லை, சோம்பலும் இல்லை. அந்தப் பாடம் நடந்த அன்று அவன் மதுரையில் இருந்தான், அவ்வளவுதான். −7 + 3 என்று இன்னொன்றும் கொடுத்துப் பாருங்கள்.

ஆறாம், ஏழாம் வகுப்பின் பழைய பருவ நூல்கள் உங்கள் மகனிடமே இருக்கும். ‘தம்பி புத்தகத்தைப் படி’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவனுக்கு அது அவமானம். பத்தாவது படிக்கும் மகளுக்கும் தேர்வு வருகிறது, அவள் மேலும் சுமையை ஏற்ற வேண்டாம். டியூஷன் ஆசிரியரிடம் நேரில் பேசி, மூன்று மாதத்துக்கு ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பின்னத்திலிருந்தும் குறை எண்ணிலிருந்தும் தொடங்கச் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகள் இல்லாத நேரமாக இருந்தால் நல்லது. முழு ஆண்டுத் தேர்வில் இதற்குள் மதிப்பெண் பெரிதாக ஏறாது. அதற்காக அவனைத் திட்டாமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

முதல் வருடம் நன்றாக இருந்தவன் இப்போது ஏன் தளர்கிறான் என்று கேட்கிறீர்கள். பெற்றோரை இழந்த 125 பிள்ளைகளை அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் பலருக்கு முதல் வருடத்தை விட இரண்டாம் வருட முடிவில்தான் சிக்கல் கூடுதலாக வெளிப்பட்டது. நம் வீடுகளை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். முதல் வருடம் ஊரே சுற்றி நிற்கிறது. பதினாறாம் நாள் காரியம், மாதா மாதம் திதி, தலைத் திவசம் என்று எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். வருடம் கழிந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. அப்போதுதான் பிள்ளைக்கு உறைக்கிறது, அம்மா இனி வரவே மாட்டாள் என்று. அந்த நேரத்தில் அழுதால் ‘இன்னுமா?’ என்கிறோம், அவனும் அடக்கிக்கொள்கிறான். அந்தத் துக்கம் தூக்கத்தையும் கவனத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஒரே பத்தியை நான்கு தடவை படித்தும் ஒன்றும் நிற்கவில்லை என்று எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் இரவில் தூங்குகிறானா என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

தமிழ்த் தேர்வுக்கு வருகிறேன். அந்தக் கேள்வித்தாளை எடுத்துப் பாருங்கள். யாருக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தார்கள்? ‘உன் தந்தைக்கு’ என்றோ ‘வெளியூரில் இருக்கும் அம்மாவுக்கு’ என்றோ இருந்தால், அவன் விட்டுவிட்டு வந்ததற்கு விளக்கம் தேவையில்லை. புத்தகக் கண்காட்சியைப் பார்த்துவிட்டுத் தந்தைக்கு எழுதும் கடிதத்தை எத்தனை ஆயிரம் தடவை நம் பள்ளிகளில் எழுத வைத்திருக்கிறோம்! அது பொல்லாத கேள்வி அல்ல. யோசிக்காமல் வந்துவிடும் கேள்வி. மாமாவுக்கு எழுதலாம், நண்பனுக்கு எழுதலாம் என்று தமிழாசிரியர் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும்.

பள்ளிக்கு நீங்கள் நேரில் போக வேண்டும். வகுப்பாசிரியர் அக்கறையில்தான் விடுதி என்று சொல்லியிருப்பார். அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். பின்னத்தில் அவன் எங்கே நிற்கிறான் என்பதை அவரிடம் சொல்லுங்கள். அவனை எல்லார் முன்னிலும் ‘பாவம், தாய் தகப்பன் இல்லாத பிள்ளை’ என்று சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ‘நாளைக்கு அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா’ என்பது ஆசிரியர்களின் வாயில் தானாக வரும் வாக்கியம். ‘வீட்டிலிருந்து பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வா’ என்றால் அதே வேலை நடந்துவிடும். மாதிரித் தேர்வுத்தாளுக்கு ஜெராக்ஸ் காசு, செய்முறைப் பாடத்துக்குச் சார்ட் அட்டை என்று பத்து இருபது ரூபாய் கேட்பார்கள். அந்தக் காசைக் கேட்க வாய் வராமல், மறந்துவிட்டேன் என்று சொல்லி வெளியே நிற்கும் பிள்ளைகள் உண்டு. அறிவியலில் 31 வந்ததற்கு இதுவும் காரணமா என்று ஆசிரியரிடம் விசாரியுங்கள்.

வீட்டில் மூவருக்கும் ஒரே நாளில் கைச்செலவுக்குப் பணம் கொடுங்கள். கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். புத்தகத்துக்கும் துணிக்கும் அவன் பெயரில் ஒரு தட்டு ஒதுக்குங்கள். இன்னும் பைக்குள்ளேயே துணி வைத்துக்கொண்டிருக்கிறானா என்று பாருங்கள். மளிகைக் கடை அவன் வீட்டுக் கடைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரட்டும், உங்கள் மகனும் கூட வரட்டும்.

விடுதிப் பேச்சு முடிந்தது என்பதை அவனிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சுற்றி வளைக்காமல், “உன்னை எங்கும் அனுப்ப மாட்டோம். கணக்கில் எவ்வளவு வாங்கினாலும் நீ இந்த வீட்டுப் பிள்ளைதான்” என்று நீங்களும் உங்கள் மனைவியும் சேர்ந்தே சொல்லுங்கள். மனைவியும் உடன் இருப்பது முக்கியம். மாமா சொன்னதை அத்தை ஒப்புக்கொள்கிறாளா என்றுதான் அவன் அவள் முகத்தைப் பார்ப்பான். உங்கள் மனைவியைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. மூன்று பிள்ளைகளுக்குச் சமைத்துத் துவைத்து நிற்பவர் அவர். அவருக்கு இதில் களைப்போ வருத்தமோ இருந்தால் அதையும் நீங்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அரசு உதவிகளைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியிருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. கடை வருமானத்தை வைத்து உங்களுக்கு எது பொருந்தும் என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்தாலும் வழி சொல்வார்கள். அரசுப் பள்ளி மாணவரின் வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால் 75,000 ரூபாய் வழங்கும் திட்டமும் இருக்கிறது. அவன் அப்பா இறந்தபோது அதற்கு யாராவது விண்ணப்பித்தார்களா என்று தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள்.

இருவரின் இறப்புச் சான்றிதழ், அவனுடைய பிறப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அவன் பெயர் உங்கள் குடும்ப அட்டையில் ஏறியிருக்கிறதா? சாதிச் சான்றிதழ் இல்லாவிட்டால், அவன் அப்பாவின் சான்றிதழ் கைவசம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். அக்கா பெயரில் வீடோ நிலமோ இருந்தால் அது அவனுக்கு உரியது. நீதிமன்றம் நியமித்த பாதுகாவலராக ஆகாமல் அதில் யாரும் கைவைக்க முடியாது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லாவிட்டாலோ, சாப்பாடு குறைந்து மெலிந்தாலோ, ‘நானும் அம்மாவிடம் போய்விடுகிறேன்’ என்கிற மாதிரி ஒரு சொல் வாயில் வந்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

பள்ளிக்குப் போகும்போது இன்னொன்றையும் கேளுங்கள். எமிஸ் (EMIS) என்ற பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் அவன் பெயருக்கு எதிரே யாருடைய கைபேசி எண் இருக்கிறது? பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன், இறந்துபோன அம்மாவின் எண்ணே அப்படியே இருக்கும். பிள்ளை வரவில்லை, தேர்வு தேதி இது, பெற்றோர் கூட்டத்துக்கு வாருங்கள் என்ற செய்திகள் எல்லாம் யாரும் எடுக்காத அந்த ஃபோனுக்குப் போய்க்கொண்டிருக்கும். உங்கள் எண்ணைக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். மாற்றப்போவதை அவனிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். அக்காவின் ஃபோன் வீட்டில் எங்காவது கிடந்தால் அதைச் சார்ஜ் போட்டு அவன் கையில் கொடுங்கள். அதில் அவளுடைய குரல் பதிவாகியிருக்கலாம்.